ஈயச்சொம்பில் கட்டிய பூச்சி

கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஈயச்சொம்பை உருக்கிவிட்டேன். கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள் இதைச் செய்தாள் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். புளித்தண்ணீரை விட்ட பிறகுதான் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறும் சொம்பு நெருப்பைக் கண்டால் வெண்ணெய் மாதிரி வழிந்துவிடும் என்பது எங்கள் பெண்களுக்குப் பாவாடை கட்டத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். அந்த மலைக்குளிரில் விரல் மரத்து, புத்தியும் மரத்து, சொம்பை வைத்துவிட்டுப் புளி எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அடுப்புச் சாம்பலில் ஈயம் வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாகக் கிடந்தது.

அப்பா சீர் வைத்த சொம்பு அது. பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளியில் செய்ய வக்கில்லை என்று, இருப்பதிலேயே கனமான ஈயச்சொம்பாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். நான் அழுதுகொண்டே கட்டிகளைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தேன்.

என் ஆத்துக்காரர் வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். அவரோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் எது மோசம் என்று தெரியும்.

"உங்கப்பா குடுத்தனுப்பின ரெண்டும் ஒரே சரக்காக்கும். சூடு தாங்காது" என்றார்.

அவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சின்னத் துரை, மேனேஜரான பெரிய துரைக்கு அடுத்த ஆள். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கியிருந்த அம்பதுகளின் ஆரம்பம் அது. காலியான இடத்தில் நம்மவர்களைப் போட்டுப் பார்த்தார்கள். போட்டார்களே தவிர நிரந்தரம் செய்யவில்லை. அது பெரிய துரையின் கையில் இருந்தது. பெரிய துரையின் கையிலோ எப்போதும் தூண்டில் இருந்தது.

எங்கள் ஓடைகளில் ட்ரவுட் மீன் விட்டிருந்தார்கள். இந்த ஊர் மீனில்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு ஞாபகத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தது. லயத்தில் குடியிருக்கும் கூலிக்காரர்கள் அதைத் 'தொரை மீன்' என்பார்கள். அவர்களில் யாராவது பிடித்துத் தின்றால் சீட்டுக் கிழிந்துவிடும். துரைமார்களும் மண்புழு குத்திப் பிடிக்கக்கூடாது. அது மரியாதையில்லையாம். இறகும் ரோமமும் வைத்துப் பூச்சி மாதிரி கட்டி, அந்தப் பூச்சியைக் கொண்டுதான் ஏமாற்ற வேண்டும். ஏமாற்றிக் கொல்லுவது மரியாதை.

துரைமார் கிளப்பில் மீன் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை என்று கண்டதும் இவர் தூண்டில் வாங்கிவிட்டார். காலையில் சந்தியாவந்தனம், சாயங்காலம் தூண்டில். வெங்காயம் நறுக்கின கத்தியைத் தனியாக வைக்கச் சொல்லுகிற மனிதர். மீனை முதல் தடவை கிட்டத்தில் பார்த்த அன்று வாசலிலேயே குமட்டி வாந்தியெடுத்தார். அடுத்த நாளும் போனார். ஆசை வெட்கமறியாது என்பார்கள், உத்தியோக ஆசை குமட்டலையும் அறியாது.

பூச்சி கட்ட அவருக்கு வரவில்லை. விரல் தடிமன், பொறுமையோ குறைச்சல். ஒருநாள் நான் நார் கிழித்துப் பூத்தொடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்காத்துலேர்ந்து வந்த உருப்படியான சாமான் இந்த விரல் ஒண்ணுதான். நாளையிலேர்ந்து நீ கட்டு" என்றார்.

"நானா? செத்த கோழி இறகை நான் தொடறதா?"

"தொட்டா குளிச்சுட்டு உள்ள வா. என்ன போச்சு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. விறகுக் கொட்டகையில் ஒரு மேஜை. மேஜை விளிம்பில் ஒரு சின்ன இடுக்கி, அதன் வாயில் தூண்டில் முள். பக்கத்தில் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, முயல் தோல், தேன்மெழுகு தேய்த்த பட்டுநூல். காலையில் உட்கார்ந்து கட்டுவேன். முடித்ததும் கொட்டகைப் பின்னால் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு சமையலறைக்குள் போக வேண்டும். வெந்நீர் கேட்டதற்கு, வெந்நீரில் குளித்தால் மடியாகாது என்றார். அவர் ஓடையிலிருந்து வந்து வெந்நீரில்தான் குளிப்பார். ஆண்களுக்குச் சாஸ்திரம் வேறு போலிருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என் தலைமுடி காயவே இல்லை.

பூச்சியின் உடம்பில் தங்கக்கம்பி சுற்ற வேண்டும் என்று கிளப்பில் இருந்த தூண்டில் புத்தகத்தில் போட்டிருந்ததாம். என் கூறைப்புடவையை எடுத்துத் தலைப்பிலிருந்து ஜரிகையை உருவினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. "மீன் கட்டிக்கப் போறதுன்னு நெனச்சுக்கோ" என்றார்.

இந்த நேரத்தில்தான் அண்ணாவின் கடுதாசி வந்தது. அப்பாவுக்கு மூச்சுத் திணறல். படுத்தால் முடியவில்லை, சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தான். அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதுகூட அப்பாதான். பஸ்ஸில் ஆலுவாய்க்கு இறங்கி, ரயிலேறி, ஒலவக்கோட்டில் இறங்கினால் ஊர். ஆனால் புதுசாகக் கல்யாணமானவளைத் தனியாக அனுப்புகிற வழக்கம் அப்போது இல்லை. இவர் கூட வர வேண்டும், அதற்கு லீவ் வேண்டும்.

"சும்மாப் போய் லீவ் கேட்டா முகத்தைத் திருப்பிப்பார். ஒரு நல்ல மீனோட போய்க் கேக்கணும். நீ நன்னாக் கட்டு, நான் பிடிக்கறேன், ஊருக்குப் போலாம்" என்றார்.

அதிலிருந்து நான் கட்டிய ஒவ்வொரு பூச்சியும் அப்பாவிடம் போகிற வழிதான் எனக்கு. தூக்கத்திலும் விரல் முடிச்சுப் போட்டது.

அவசரத்தில் ஒரு தப்பு நேர்ந்தது. நூல் பிசிறைப் பொசுக்க அகல் விளக்கில் காட்டியபோது ஒரு முள் சிவக்கக் காய்ந்துவிட்டது. ஆறிய பிறகு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைத்தான் அன்றைக்கு இவர் போட்டிருக்கிறார். மீன் கடித்து இழுத்ததும் முள் குண்டூசி மாதிரி நிமிர்ந்துவிட்டது. பெரிய துரை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தீ பட்ட முள்ளுக்கு உரம் போய்விடும், பார்த்தால் தெரியாது, மீன் இழுத்தால்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் கையை நீட்டச் சொன்னார். நிமிர்ந்த முள்ளை உள்ளங்கையில் வைத்தார். பிறகு பெட்டியிலிருந்து இன்னொரு பூச்சியை எடுத்து, அதன் நுனியை என் பெருவிரல் மேட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கும்வரை அழுத்தினார்.

"இது நல்ல முள். வித்யாசம் தெரியறதோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தூண்டில் முள்ளுக்கு எதிர்க்கொக்கி உண்டு. போன வழியில் திரும்பி வராது. ஓடைக் காவலுக்கு இருந்த வாட்சர், தென்காசிப் பக்கத்துக்காரர், கொல்லைப்பக்கம் வந்து அதைச் சதை வழியாக வெளியே தள்ளி, கொக்கியை நறுக்கிவிட்டு உருவினார். "பல்லைக் கடிச்சுக்கிடுங்கம்மா, இந்தா ஆச்சு" என்றவர், இது எப்படி நேர்ந்தது என்று கேட்கவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையும்போது சுருக்கென்னும்.

மீன் மட்டும் கிடைக்கவில்லை. இவர் பூச்சி மேலே மிதந்து மிதந்து போயிற்று. மீனோ பாறை மடுவின் அடியில் கிடந்தது. ஒருநாள் பெரிய துரை ஒரு மருந்துக் குப்பி கொடுத்தனுப்பினார். தாம் பிடித்த மீனின் வயிற்றைக் கீறி எடுத்த புழுக்களைச் சாராயத்தில் போட்டு வைத்திருந்தார். நீர்ப்பூச்சியின் குஞ்சுகள். 'நிம்ஃப்' என்று அதற்குப் பெயர். இறக்கை முளைக்கிறவரை கல்லுக்கடியில் ஊர்ந்து கிடக்கும், ட்ரவுட் பெரும்பாலும் தின்பது அதைத்தான், அதைப் பார்த்துக் கட்டு என்று செய்தி. கொட்டகையில் குப்பியை என் முன்னால் வைத்துவிட்டு இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்பாத்தி வாத்தியார் பெண் மீன் வயிற்றுப் புழுவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து எத்தனை கால் என்று பார்த்தாள்.

அந்தக் குஞ்சு மாதிரி பூச்சி கட்டுவது கஷ்டமாக இல்லை. அது அடிக்குப் போக வேண்டுமே. கனம் வேண்டும். தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் தகட்டைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தேன், காகிதக் கனம்தான் இருந்தது. அப்போதுதான் துணியில் முடிந்து வைத்திருந்த ஈயம் நினைவுக்கு வந்தது.

எடுக்க மனசு வரவில்லை. ரொம்ப நேரம் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, அப்பாவைப் பார்க்கத்தானே அப்பா கொடுத்ததைச் செலவழிக்கிறேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒரு கட்டியை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் தட்டினேன். ஈயம் சொன்னபடி கேட்கும். வெற்றிலைக் கனத்துக்கு மெலிந்ததும் கத்தரியால் நூல் நூலாக நறுக்கினேன். முள்ளின் தண்டில் அதைச் சுற்றினேன், நடுவில் இரண்டு சுற்று அதிகமாக. அதன்மேல் பட்டுநூல். வாலுக்குக் காட்டுக்கோழி இறகின் பிசிறு. மெழுகு நூலில் முயல் ரோமத்தை முறுக்கி உடம்பு, அதன்மேல் என் கூறைப்புடவையின் ஜரிகை. தலைப்பக்கம் கொஞ்சம் புஷ்டியாக விட்டு, இன்னும் நாலு பிசிறைக் கீழ்ப்பக்கம் மடக்கிக் கால். கடைசியில் பூத்தொடுக்கிற அதே இறுக்குச் சுருக்கு. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். நேராக அடிக்குப் போய்ப் படுத்தது.

அது ஓடும் தண்ணீரில் எப்படி இறங்குகிறது என்று நான் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஓடைக்கு அழைத்துப்போனார். பாறைக்குப் பின்னால் நின்றேன். இவர் மடுவுக்கு மேல்பக்கம் வீசினார். பூச்சி விழுந்து மறைந்தது. தண்ணீரோடு சேர்ந்து நூலும் இறங்கி வந்தது. மீன் கடிப்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. நூல் தண்ணீருக்குள் நுழையும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வந்துகொண்டே இருக்கிற நூல் எங்காவது ஒரு கணம் தயங்கினால், உடனே தூண்டிலை வெடுக்கென்று தூக்க வேண்டும். தாமதித்தால் மீன் துப்பிவிடும்.

இவர் தண்ணீரைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன். ஏமாற்றக் கட்டியவளுக்குத்தானே ஏமாறுவது எப்போது என்று தெரியும். நூல் நின்றது.

"இப்போ!" என்று கத்திவிட்டேன்.

தூக்கினார். கம்பு வில்லாக வளைந்தது. மடு முழுக்க அது ஓடியது, குதித்தது, பாறைக்கடியில் புகப் பார்த்தது. வெளியே கொண்டுவந்தபோது பக்கவாட்டில் ரோஜாநிறப் பட்டையோடு, என் முழங்கை நீளத்துக்கு இருந்தது. இவர் பின்வாங்கி நின்றார். வாட்சர் அதைப் புல்லில் அழுத்திப் பிடித்தார்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிடுங்க. மண்டையில ஒண்ணு போட்டாத்தான் அடங்கும்."

நான் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த உயிர் துடித்ததில் எனக்குப் பாவமே தோன்றவில்லை. ஆலுவாய் பஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது.

பெரணி இலையில் சுற்றி மீனை எடுத்துக்கொண்டு பெரிய துரை பங்களாவுக்குப் போனார். நான் டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கினேன். அப்பாவுக்கு ஏலக்காய் கொஞ்சம் பொட்டலம் கட்டினேன். திரும்பி வந்தவர் முகம் பூரித்திருந்தது.

"கன்ஃபர்ம் பண்றேன்னுட்டார்! பூச்சி நானே கட்டினதுன்னு சொன்னேன், முதுகுல தட்டிக் குடுத்தார்."

"லீவ்?"

"ஒரு மீனுக்கு ஒரு வரம்தானே கேக்க முடியும்? உத்யோகத்தைக் கேக்கறதா, லீவைக் கேக்கறதா? கிளப்புல மீன்பிடி போட்டி வரது. அது முடியட்டும், கட்டாயம் போலாம். உங்கப்பா எங்க ஓடிடப் போறார்?"

நான் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து வைத்தேன். வேறென்ன செய்ய? மறுநாள் காலை இன்னொரு ஈயக்கட்டியை எடுத்துத் தட்டினேன்.

போட்டி நெருங்க நெருங்க, காலை மாலை இரண்டு வேளையும் கட்டச் சொன்னார். இரண்டு வேளையும் பச்சைத்தண்ணீர். இருமல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அந்த நாட்களில் இவர் என்னிடம் வழக்கத்தைவிட மிருதுவாக இருந்தார். ஒருநாள் தாமே காபி கலந்து கொட்டகைக்கு எடுத்துவந்தார். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று நினைத்து நான் உருகிப்போனேன். எனக்குத்தான் சூடு தாங்காதே.

போட்டியில் இவர் மீன்தான் பெரிசு. கழுத்தில் மாலை போடாத குறை. மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வந்துடு."

"இன்னிக்கு இறகைத் தொடலையே" என்றேன்.

"அதுக்கில்லை. உங்கப்பா போயிட்டார். பத்து நாள் தாண்டியாச்சு, கேட்டயா. பொண்ணுக்கு இனிமே ஸ்நானம் மட்டும் போறும். தீட்டுக் கிடையாது, நான் விசாரிச்சுட்டேன்."

ஆபீஸ் டெலிபோனில் அண்ணா ட்ரங்க் கால் போட்டுச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு நல்ல ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். காபி கொண்டுவந்த நாள் அது.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது நான் அவர் சொம்பை அம்மியில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கத்தி அழவேண்டும் என்று வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சொன்னா நீ கட்டியிருப்பியோ?" என்றார். நியாயம் கேட்கிற தோரணையில்தான் கேட்டார்.

குளித்தேன். பெட்டியில் திரும்பவும் புடவைகளை வைத்தேன். கொழுந்து லாரி கடைத்தெருவுக்குப் போகும், அங்கே பஸ் பிடிக்கலாம் என்று, லாரியை வாசலில் நிறுத்தும்படி வாட்சரிடம் சொல்லியனுப்பினேன். தனியாகப் போகிற வழக்கம் இல்லை என்று இவர் ஆரம்பித்தார். நான் கொட்டகைக்குப் போய், கட்டி வைத்திருந்த பூச்சிகள் அத்தனையையும் பெட்டியோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். ஈயம் முழுவதும் தீர்ந்திருந்தது.

"நன்னாக் கட்டியிருக்கேன். சீசன் முடியறவரைக்கும் போறும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. "ஆனா இதுல சிலதோட முள்ளை விளக்குல நன்னாக் காய்ச்சியிருக்கேன்."

"எது?"

"கலந்துடுத்து. நேக்கே தெரியலை."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பூச்சியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோமமும் ஜரிகையும் மூடிய முள்ளில் என்ன தெரியும்?

நான் கையை நீட்டினேன். தழும்புள்ள கை.

"வேணும்னா குத்திப் பாருங்கோ."

லாரி வந்தது. ஏறிவிட்டேன். கல்பாத்தியில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஜுரம் விட்டதா என்று அண்ணா கேட்டான். விட்டது என்றேன்.

மழைக்கு முன்னால் மலைக்குத் திரும்பினேன். திரும்பாமல் எங்கே போவது? இவர் மெலிந்திருந்தார். நடந்ததை வாட்சர் சொன்னார். "நம்ம சின்னத் தொரை, மீனு கடிச்சா வெடுக்குனு தூக்க மாட்டேங்காரும்மா. முள்ளு நிமுந்துருமோன்னு பைய, பூப்போலத் தூக்குதாரு. மீனு துப்பிட்டுப் போயிருது. பெரிய தொரை கையைத் தட்டிச் சிரிக்காரு." கடையில் வாங்கின பூச்சிகள் அடிக்குப் போகவில்லை. வேறு ஆளைக் கட்டச் சொல்லவும் வழியில்லை, கட்டுவது தாம்தான் என்று சொல்லிவைத்தவர். உத்தியோகம் போகவில்லை, ஆனால் கிளப்பில் இவரைக் கண்டாலே பூப்பறிக்கிற மாதிரி விரலைக் குவித்துக் காட்டுவார்களாம். அதைச் சொல்லும்போது இவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் காபி கலந்து கொடுத்தேன்.

நான் அப்புறம் பூச்சி கட்டவில்லை. இவரும் கட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை. குழந்தைகள் பிறந்து, எஸ்டேட் மாறி, வேறு பங்களாவுக்குப் போன பிறகும் எப்போதாவது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லேன். எதுன்னு?" என்பார். பேப்பரில் வந்த சேதியைக் கேட்பது மாதிரிதான் கேட்பார். "மீனைக் கேளுங்கோ" என்பேன்.

ஒரு முள்ளைக்கூட நான் காய்ச்சவில்லை. அவர் என்ன சாஸ்திரம் விசாரித்திருந்தாலும் எனக்குச் சேதி தெரிந்த அன்றைக்குத்தான் அப்பா போனார். அன்றைக்கு அந்த வீட்டில் நான் விளக்கே ஏற்றவில்லை.